மாலு சாமியின் காப்பு

கலவான பஸ் நிலையத்துக்கு எதிரே சாலியின் தேநீர்க் கடை. மலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இடுப்புவரை மனிதனும் இடுப்புக்குக் கீழே மீனுமாக ஓர் ஆள் இருக்கிறார் என்று அங்கேதான் கேள்விப்பட்டேன். சொன்னவர் கடை முதலாளி சாலி. கேட்டவர்கள் யாரும் தேநீரைக் கீழே வைக்கவில்லை. வெகுநாளாக எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான் போல.

"பொய்யில்ல மாத்தயா. விடிய முந்தி ஓடையில குளிக்கிறத எங்கட ஆளொருத்தன் கண்டீக்கான். மேலுக்கு மனிசன். தாடி நெஞ்சு வரைக்கும் ஈக்கிது. கீழுக்கு வாலு."

"வாலைப் பார்த்தாரா?"

"தண்ணிக்குள்ள ஈக்கிற வாலை எப்படிக் காணியது?" என்றார் சாலி. நியாயமான கேள்வி.

கீழ்க் கிராமத்துச் சிங்களவர்கள் அவரை 'மாலு சாமி' என்கிறார்கள். அவர்கள் மொழியில் மாலு என்றால் மீன். மழை ஓயாமல் கொட்டும்போது தட்டில் பூ எடுத்துக்கொண்டு, பன்சலை என்கிற பௌத்த விகாரைக்குப் போகிற அதே நடையில், மலையேறிப் போய் அவரைக் கும்பிட்டுவிட்டு வருகிறார்களாம். அவர் பேசமாட்டாராம், மீன் தின்னமாட்டாராம், ஓடையைத் தாண்டினால் செத்துவிடுவாராம்.

இரத்தினபுரிப் பக்கத்து வதந்திகளை நம்பி நான் ஏற்கெனவே ஏமாந்திருக்கிறேன். மாணிக்கம் கக்கும் பாம்பைப் பார்க்கப் போன இடத்தில், சுரங்கத்துக்காரர் ஒருவரின் டோர்ச் லைட்டைத்தான் பார்க்க முடிந்தது. இருந்தாலும் மீன் தின்னாத மீனை விட்டுவிட மனம் வரவில்லை. 2003ஆம் ஆண்டு தை மாதம், தோட்டத்து லொறியில் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து மேலே போனேன். தோட்டத்தின் பெயரை எழுதமாட்டேன். தோட்டத்தை நடத்தும் துரைக்குக் கோபம் வரும். கோயில் கமிட்டித் தலைவருக்கு அதைவிட அதிகமாக வரும்.

முதலில் சந்தித்ததே அந்தத் தலைவரைத்தான். ராமையா என்று பெயர். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நின்றபடி யாரோ இருவரின் சண்டையைத் தீர்த்துக்கொண்டிருந்தார். வந்த விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"எழுதுங்க, நல்லா எழுதுங்க. எங்க தோட்டத்துல சாமி நிரந்தரம். மத்த தோட்டத்துல எல்லாம் திருவிழா முடிஞ்சா சாமி வீட்டுக்குப் போயிரும்."

"வால் இருக்கிறதாமே?"

"இருக்கு. கோயில் சாமான் அறையில தொங்குது. எலி கடிக்காம இருக்கணும்னு ரசகற்பூர உருண்டை போட்டு வச்சிருக்கோம்."

அறையைத் திறந்து காட்டினார். வதந்தியில் பாதி அங்கேயே தீர்ந்துவிட்டது. மறுபாதி ரப்பர் மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்தது. தாடி உண்மை. தலைமுடி உண்மை. கால்களை எண்ணிப் பார்த்தேன். இரண்டு. வலது மணிக்கட்டில் விரல் தடிமனுக்கு மஞ்சள் கயிறு ஒன்று சுற்றியிருந்தது.

"நீங்கதான் மாலு சாமியா?"

"அழகமுத்து" என்றார் அவர். சற்றுப் பொறுத்து, அந்தப் பெயர் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்ப்பவர்போல, "அழகமுத்து" என்று மறுபடியும் சொன்னார்.

நிகழ்ந்தது இதுதான். 1994இல் மழை நின்றபாடில்லை. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் மலை வெடித்து, ஒரு கை நுழைகிற அளவுக்குப் பிளவு விழுந்தது. வெள்ளத்தில் உலகத்தை இழுத்துப்போய்க் கரை சேர்த்த சாமி மச்சாவதாரம்தானே, இந்த வருடத் திருவிழாவில் அந்த வேஷம் கட்டி ஊர்வலம் விட்டால் மலை நிற்கும் என்று கமிட்டி முடிவெடுத்தது. வேஷத்துக்கு அழகமுத்து. வயது இருபத்தாறு, மெலிந்த இடுப்பு, மீசை வைத்தால் சாமிக் களை.

வால் தைத்தவர் சின்னக்கருப்பன். தோட்டத்தில் கூத்து வேஷம் எல்லாம் அவர் கைவேலைதான். கோணிச் சாக்கை வெட்டித் தைத்து, தேயிலைப் பெட்டிக்குள் போடும் ஈயத்தாளைச் செதில் செதிலாக நறுக்கி, ரப்பர் பாலால் ஒட்டினார். சாக்கும் தோலும் சேரும் இடம் தெரியக் கூடாதென்று அழகமுத்துவின் தொப்புளைச் சுற்றியும் ரப்பர் பாலைப் பூசினார். கழற்றும்போது வயிற்று முடியெல்லாம் வாலோடு போய்விட்டதாம்.

"வலிச்சிருக்குமே?"

"அதக்கூடப் பொறுத்துக்கலாங்க. வாலக் கட்டிட்டா ஒண்ணுக்குப் போக முடியாது. ரெண்டு லயத்தையும் சுத்தி வர்ற வரைக்கும் சாமி அடக்கிக்கிட்டே இருக்கணும். ஜனங்க அருள் வந்துருச்சுன்னு கும்பிட்டாங்க."

மீனால் நடக்க முடியாது. பலகையில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கினார்கள். அப்படித் தூக்கும்போதுதான் வினை வந்தது. முதலில் மேல் லயமா, கீழ் லயமா என்று வாய்த்தகராறு; பிறகு கைகலப்பு. சாமியை நடுவழியில் இறக்கி வைத்துவிட்டுத் தூக்கியவர்களும் போய் அடித்துக்கொண்டார்கள். ஓட முடியாத ஒரே ஆள் சாமிதான். சின்னக்கருப்பனின் மண்டை உடைந்தது. அன்று சாயந்தரமே கேகாலைக்கு பஸ் ஏறியவர் பிறகு திரும்பவில்லை.

இதில் அழகமுத்துவுக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். அந்தத் தோட்டத்து வழக்கப்படி, வேஷக்காரனுக்குக் காப்புக் கட்டுவது பூசாரி இல்லை, வேஷத்தைச் செய்தவர். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். மஞ்சள் நீராட்டு அன்று எல்லார் காப்பும் அவிழ்ந்தது, அழகமுத்துவின் காப்பைத் தவிர. காப்பு கையில் இருக்கும்வரை அவர் சாமி. மீனும் கறியும் ஆகாது, சவரம் ஆகாது. சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. எல்லை ஓடையைத் தாண்டக் கூடாது. மற்றவர்களுக்கும் விதி உண்டு: குளிக்காமல் அவரைத் தொடக் கூடாது. எஸ்டேட்டில் வேலைக்குப் போகிற மனிதர் எந்நேரமும் குளித்தபடியா இருப்பார்? ஆகவே யாரும் தொடவில்லை. லயத்துக் கடைசி அறையை அவருக்கென்று ஒதுக்கினார்கள். வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்துச் சோற்றை வாசலில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். சீட்டாட யாரும் கூப்பிடவில்லை. சாமியை எப்படித் தோற்கடிப்பது? திட்டவும் ஆளில்லை. நூல் நைந்து போகும்போதெல்லாம் பூசாரி கை படாமல் அதன்மேல் புது நூல் சுற்றினார். வருடத்துக்கு ஒரு தடவை, திருவிழா அன்று, குளித்த நான்கு பேர் அவரைத் தூக்கினார்கள். மனிதர் கை அவர்மேல் பட்டது அப்போது மட்டும்தான்.

"யார்கிட்டயாவது பேசணும்னா என்ன செய்வீங்க?"

"வரம் கேக்க வருவாங்கல்ல, அவங்ககிட்ட ரெண்டு வார்த்த கூடுதலாப் பேசுவேன். அதையும் வாக்குன்னு எடுத்துக்கிட்டுப் போயிடறாங்க. ஒரு அம்மாகிட்ட, 'இன்னைக்கு வெயில் பரவாயில்ல'ன்னு சொன்னேன். அது போயி மகளுக்குக் கல்யாணத் தேதி வச்சிருச்சு."

விஜயகலா என்ற பெயரைத் தயங்கித்தான் எடுத்தார். திருவிழாவுக்கு முந்தைய மாதம் இருவருக்கும் பரிசம் போட்டிருந்தது. காப்போடு தாலி கட்டக் கூடாது என்றதும் அவள் வீட்டார் கோபித்துக்கொண்டு தோட்டத்தை விட்டே போய்விட்டார்கள். அவள் அவிசாவளையில் தையல் தொழிற்சாலையில் சேர்ந்தாள். வேறு யாருக்கும் கழுத்தை நீட்டவில்லை. இப்போது குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக எழுதிக் கொடுத்துவிட்டாளாம். வைகாசிக் கடைசியில் பயணம். அதற்குள் அவர் ஓடையைத் தாண்டி வந்துவிட்டால் பயணத்தை விட்டுவிடுகிறேன், இல்லையென்றால் போய்விடுகிறேன் என்று லொறி டிரைவரிடம் சொல்லியனுப்பியிருந்தாள்.

கேட்காமல் இருக்க முடியாத கேள்வியைக் கேட்டேன். "கையில பால் வெட்டுற கத்தி இருக்கே. நீங்களே அறுத்துட்டுப் போனா என்ன?"

அழகமுத்து மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சாமி ஒண்ணும் செய்யாதுங்க. சாமியா இருந்து பாத்தவன் நானு, எனக்குத் தெரியாதா? ஆனா நான் அறுத்து, அதுக்கப்புறம் ஒரு மழையில லயம் சரிஞ்சா யாரக் கேப்பாங்க? அத்தன சாவையும் என் கையில கட்டிருவாங்களே. அத எவன் வந்து அவுக்கிறது?"

அடுத்த வாரம் கேகாலைக்குப் போனேன். சின்னக்கருப்பனைத் தேடினால் கிடைக்கமாட்டார். பிரதர் டெனிஸ்டன் என்று கேட்க வேண்டும். மண்டைக் காயத்தோடு வந்து படுத்தவரை ஜெப வீட்டுக்காரர்கள்தான் கவனித்து எழுப்பியிருக்கிறார்கள். புதுப் பெயரும் அவர்கள் கொடுத்ததுதான். வாரத்தில் ஆறு நாள் பஸ் சீட் தைக்கும் கடை, ஏழாம் நாள் சாட்சி.

"பிரதர், ஒரு நூல்தானே. ஒரு கத்திரிக்கோல் வேலை" என்றேன்.

"நூல்தான். வெறும் நூல அறுக்க நான் எதுக்குக் கலவான வரைக்கும் வரணும்?"

"அப்ப அவரே அறுக்கட்டுமா?"

"அறுக்கட்டுமே. நான் கையப் பிடிச்சனா?"

"நீங்க கட்டினத நீங்கதான் அவிழ்க்கணும்னு தோட்டம் சொல்லுது."

"அங்கதான் சார் சிக்கல். நான் வந்து அவுத்தா அதுல ஏதோ இருந்துச்சுன்னு ஆயிரும். அதுல ஒண்ணுமே இல்லன்னு வாரா வாரம் மேடையில நின்னு சொல்றவன் நான். இல்லாததப் போயி எப்படி அவுப்பேன்?"

ஒரு பக்கம் நூலில் எல்லாம் இருக்கிறது என்கிறவர்கள், மறுபக்கம் நூலில் ஒன்றுமே இல்லை என்கிறவர். இரண்டு கட்சியும் சேர்ந்து ஓர் ஆளை இறுக்கிக் கட்டியிருந்தது. நான் எழுந்தபோது டெனிஸ்டன் ரெக்சீன் துணியை மடித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "அந்த வாலு இன்னும் கிழியாம இருக்கா? செதில் உதிர்ந்திருக்குமே. இடுப்புத் தையல் நிக்குதா?"

நிற்கிறது என்றேன். "நிக்கும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் சின்னக்கருப்பனாக இருந்தார்.

பங்குனியில் மறுபடியும் போய் அவர் கடையில் உட்கார்ந்து பேசிப் பார்த்தேன். தேநீர் வாங்கிக் கொடுத்தார், சம்மதம் கொடுக்கவில்லை. அப்போதுதான் தோட்டத்திலிருந்து தொலைபேசி வந்தது. டெனிஸ்டனின் தாய் இருளாயி இறந்துவிட்டாள்.

இருளாயி தோட்டத்திலேயே இருந்தவள். மகனுக்காகப் போன வருடம்தான் ஜெப வீட்டில் சேர்ந்தாள். புதுப் பெயர் வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, "பழசே இன்னும் தேயல, இருக்கட்டும்" என்றாளாம். அவள் கோயிலை விட்டுப் போனதால் கமிட்டி ஆட்கள் பெட்டிக்குத் தோள் கொடுப்பதில்லை என்று ராமையா தீர்மானம் போட்டிருந்தார். பெண்கள் தீர்மானத்தைக் காதில் வாங்காமல் வந்து அழுதார்கள். ஆண்கள் பிரட்டுக்களத்தில் நின்று பார்த்தார்கள்.

கேகாலையிலிருந்து எங்கள் வேனில் வந்தவர்களில் தோள் கொடுக்கக்கூடியவர்கள் டெனிஸ்டனும் இரண்டு சகோதரர்களும்தான். பாஸ்டருக்கு இடுப்பு வலி. எத்தனையோ பேருக்காக ஜெபித்தவர், தனக்கென்று இன்னும் கேட்கவில்லை போலும். நாலாவது தோள் என்னுடையது. மலைப் பாதை, முதல் நாள் மழை. கொஞ்ச தூரத்திலேயே என் கால் வழுக்கி, பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. மற்ற மூவரும் தாங்கிப் பிடித்துக் வடிகால் கானோரம் இறக்கி வைத்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அப்போது லயத்துக் கடைசி அறையிலிருந்து அழகமுத்து இறங்கி வந்தார்.

"சாமி, நில்லுங்க" என்றார் ராமையா. "தீட்டு. காப்பு கெட்டுரும்."

அழகமுத்து நிற்கவில்லை. "எல்லாரும் சோத்த வாசல்ல வச்சிட்டுப் போனீங்க. இந்த ஆத்தா மட்டுந்தான் நான் தின்னு முடிக்கிற வரைக்கும் எதிர்ல உக்காந்திருந்துச்சு. உப்புப் போதுமான்னு கேக்கும். சாமிகிட்ட யாரு உப்புப் போதுமான்னு கேப்பா?"

"மலை சரிஞ்சா?"

"சரிஞ்சா என்னக் கேளுங்க. மழைக்காலம் முடியிற வரைக்கும் எங்கயும் போகமாட்டேன். இங்கயே இருப்பேன்."

அந்த வார்த்தையை அவர் சொன்னபோது அதன் விலை அங்கே நின்றவர்களில் எனக்கும் அவருக்கும்தான் தெரியும். வைகாசிக்கு இரண்டு மாதம்கூட இல்லை. அவர் குனிந்து பெட்டியின் கீழே தோளைக் கொடுத்தார். நான்கு பேர் சீராக நடந்து போனார்கள்.

அடக்கம் முடிந்ததும் டெனிஸ்டன் சட்டைப் பையில் கைவிட்டார். தையல்காரர் பையில் கத்திரிக்கோல் எப்போதும் இருக்கும். அழகமுத்து தலையை ஆட்டினார். "வேணாண்ணே. அப்புறம் மேடையில என்ன சொல்லுவீங்க?" நைந்த நூலும் புது நூலுமாகச் சேர்ந்திருந்த கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தார். போகிற வழிக் கானில் போட்டார். அவ்வளவுதான். மணிக்கட்டில் அது இருந்த இடம் வெளிறிக் கிடந்தது.

எதிர்பார்த்ததற்கு மாறாக, ஊர் அவரைச் சுற்றி நின்று கேள்வி கேட்கவில்லை. அதைவிட மோசமாக, மேகம் கறுக்கும்போதெல்லாம் அவர் அறைக் கதவைப் பார்த்தது. சாமிக்கு வைத்த சோறு நின்றது. தாடியை மழித்தார், முகத்தை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, தெரிந்தவர்களும் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தாண்டிப் போனார்கள். லொறி டிரைவரிடம் விஜயகலாவுக்குச் சொல்லியனுப்பினார்: காப்புப் போய்விட்டது, மழை விட்டதும் வருகிறேன். அவளிடமிருந்து வந்த பதில்: "மழைக்கு என்ன தேதி?"

அந்த வருடம் வைகாசி மழை நம் இரத்தினபுரி மாவட்டத்தை என்ன செய்தது என்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எத்தனையோ மலைகள் இறங்கின. அந்தத் தோட்டத்தில், லயத்துப் பின்மலைப் பிளவுக்குக் கீழே அழகமுத்து சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நாள்முழுக்க நின்றாராம். கற்கள் உருண்டால் கத்திச் சொல்வதற்காக. சாமியாக இல்லை, காவல்காரனாக. சரிந்தது கோயிலின் பக்கச் சுவரும் இரண்டு கக்கூஸும். ஆள் சேதம் இல்லை. காப்பு இருந்திருந்தால் கக்கூஸ் தப்பியிருக்கும் என்று ராமையா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆனி முதல் வாரத்தில் அழகமுத்து ஓடையைத் தாண்டினார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு பஸ் ஏறியவர், கண்டக்டரிடம் சிங்களத்தில் டிக்கெட் கேட்கக் கூசி, சில்லறையை நீட்டியபடி அவிசாவளை என்று ஊர்ப் பெயரை மட்டும் சொன்னாராம். தையல் தொழிற்சாலை விடுதியில் விஜயகலாவோடு ஒரே அறையில் இருந்த பிரேமலதா வெளியே வந்து, "அக்கா போன வெள்ளிக்கிழமை குவைத்துக்கு ஏறிட்டாங்க. நீங்க வந்தா, வந்தாருன்னு மட்டும் எனக்குச் சொல்லுன்னாங்க" என்றாள். அவர் கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டார்.

இரண்டு வருட ஒப்பந்தம் என்றார்கள். அது முடிந்து இன்னொன்று எழுதினாள், பிறகு இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அழகமுத்து கலவானவுக்கு இறங்கி, சாலி கடைக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கடையில் அழைப்புக்காகக் காத்திருப்பார். சில ஞாயிறுகளில் மணி அடிக்கும். தன் கடையில் வந்து உட்காரும் மனிதர்தான் மாலு சாமி என்று சாலி இன்னும் நம்பவில்லை. "அவருக்கு வாலு ஈக்கிது. இவருக்கு ரெண்டு காலு" என்கிறார்.

டெனிஸ்டன் விஷயம் ஒன்று பாக்கியிருக்கிறது. அடக்கத்தன்று குளித்துவிட்டு வந்து அவர் அழகமுத்துவிடம், "என் ஆத்தாவுக்கு நீ தோள் குடுத்த. நான் ஒனக்கு ஒரு தோள் கடன்" என்றார். தோட்டத்தில் அது அப்படித்தான். உன் வீட்டுச் சாவுக்கு வந்த தோளுக்கு, அவன் வீட்டுச் சாவில் தோள் கொடுத்துத் தீர்க்க வேண்டும். ஜெப வீட்டுக்குப் போனாலும் தீராத கணக்கு. ஆனால் அழகமுத்துவுக்குத் தாய் தகப்பன் எப்போதோ போய்விட்டார்கள். வீட்டில் இனிப் போவதற்கு அவர் ஒருவர்தான் இருக்கிறார்.

கேகாலைப் பக்கம் போகும்போதெல்லாம் டெனிஸ்டன் என்னை நிறுத்தி, "அவன் எப்படி இருக்கான்? ஒடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்று விசாரிக்கிறார். அறுபதைத் தாண்டியவர், சர்க்கரை வியாதியில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். அக்கறையில் கேட்கிறாரா, அவசரத்தில் கேட்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. போன மாதம் ஒரு ஞாயிறு, சாலி கடையில் அழகமுத்துவிடம் இதைச் சொன்னேன்.

"அவசரமில்லன்னு சொல்லுங்க" என்றார். பிறகு யோசித்து, "எனக்கு முந்தி அவரு போயிட்டா நான்தான் எறங்கிப் போயி இன்னொரு தோள் குடுக்கணும். அப்ப ரெண்டாயிரும். அத யார்கிட்ட வாங்குறது?"

பக்கத்துக் கடையில் தொலைபேசி அடித்தது. எழுந்து போய்ப் பார்த்தார். வேறு யாருக்கோ.